வெப்பத்தின் கதை – 14: மூன்றாம் பிறைக்குள் தெரியும் பூமி

அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் மாலையில் மேற்கே பார்த்துக் கும்பிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மெல்லிய கீற்றைப் பார்த்துக் கையெடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் இன்னொன்றும் கண்ணில் படும். கீற்றுக்கு உள்ளே, இருண்டு கிடக்க வேண்டிய மீதி வட்டம், சாம்பல் பூத்தாற்போல் மங்கலாகத் தெரியும். சூரிய வெளிச்சம் அந்தப் பக்கத்தில் நேராக விழவில்லை. அந்தச் சாம்பல் வெளிச்சம் போனது நம்மிடமிருந்துதான். பூமியில் பட்ட வெயிலில் ஒரு பங்கு விண்வெளிக்கே திரும்பிப் போகிறது. அதில் ஒரு துளி நிலவின் இருட்டுப் பக்கத்தில் பட்டு, மறுபடி நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது.

சென்ற வாரம் ஹவாயில் மௌனா லோவா எரிமலைச் சரிவில் சார்லஸ் கீலிங் 1958 முதல் கரியமில வாயுவை அளந்த கதையைப் பார்த்தோம். உள்ளே வந்த வெப்பம் வெளியே போகவிடாமல் எப்படித் தடுக்கப்படுகிறது என்பது அந்தக் கதை. உள்ளே வராமலே, வாசலோடு திரும்பிப் போகும் வெயிலைப் பற்றியது இந்த வாரக் கதை.

கணக்கு எளியது. சூரியனிலிருந்து வரும் ஆற்றலைப் பூமியின் மொத்தப் பரப்புக்கும், பகலுக்கும் இரவுக்கும் சராசரியாகப் பங்கிட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 340 வாட் வருகிறது. அதில் 100 வாட் அளவுக்கு மேகமும் காற்றும் பனியும் பாலைவனமும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 240 வாட்தான் நம்மைச் சூடாக்குகிறது. வந்த வெயிலில் திரும்பிப் போகும் பங்குக்கு ‘ஆல்பிடோ’ என்று பெயர். லத்தீனில் வெண்மை என்று பொருள்படும் சொல். ஜெர்மன் மொழிப் பகுதியைச் சேர்ந்த கணித மேதை யோஹான் ஹைன்ரிக் லாம்பர்ட், ஒளியை அளப்பது பற்றி 1760-ல் எழுதிய நூலில் அதை அறிவியல் சொல்லாக்கினார். புதுப்பனியின் ஆல்பிடோ 0.8-க்கும் மேல். ஆழ்கடலுக்கு 0.06-ஐ ஒட்டித்தான். பூமி முழுவதற்கும் 0.29 அல்லது 0.3.

இந்த 0.3 என்ற எண் 0.29 ஆகக் குறைந்தால் என்ன ஆகும்? சதுர மீட்டருக்கு 3.4 வாட் கூடுதலாக உள்ளே வரும். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் உண்டாகும் விளைவும் ஏறத்தாழ அதே அளவுதான். நூற்றில் ஒரு பங்கு மங்கினாலே போதும், ஒரு நூற்றாண்டுப் புகைக்குச் சமம். எனவே இந்த எண்ணைத் தோராயமாகத் தெரிந்துகொள்வதில் பயனில்லை. துல்லியமாக அளக்க வேண்டும். பல பத்தாண்டுகள் விடாமல் அளக்க வேண்டும். அதற்கு யார் யார் என்ன பாடுபட்டார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

பிறைக்குள் தெரியும் சாம்பல் ஒளி பூமியின் ஒளியே என்று 1500-களின் தொடக்கத்தில் குறிப்பேட்டில் எழுதிவைத்தவர் லியனார்டோ டாவின்சி. பூமியின் கடல்கள்தாம் கண்ணாடிபோல் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன என்று அவர் எண்ணினார். அதில் மட்டும் பிசகிவிட்டார். கடல் பூமியின் மிக இருண்ட பகுதிகளில் ஒன்று, பெரும்பங்கு ஒளி மேகத்திலிருந்து போகிறது. நூறாண்டு கழித்து, 1610-ல், தொலைநோக்கியில் கண்டவற்றைச் சிறு நூலாக வெளியிட்ட கலீலியோ இதே விளக்கத்தைத் தந்தார். பூமி ஒளியற்ற மண்ணுருண்டை, வானத்துக் கோள்களோடு சேர்த்தி இல்லாதது என்று படித்தவர்கள் நம்பிய காலம் அது. நிலவு நமக்கு ஒளி தருவதுபோல் நாமும் நிலவுக்கு ஒளி தருகிறோம் என்று சொன்னது, பூமியும் கோள்களில் ஒன்று என்ற வாதத்துக்கு வலுவூட்டியது. நிலவில் நின்று பார்த்தால் முழுப் பூமி, நம் பௌர்ணமி நிலவைப்போல் பல பத்து மடங்கு பிரகாசமாக இருக்கும். வட்டத்தின் பரப்பு பதின்மூன்று மடங்கு பெரிது. நிலவின் தரையோ கருகிய கல் நிறம்.

லாம்பர்ட் 1774-ல் ஒரு நாள் அந்தச் சாம்பல் ஒளி ஆலிவ் பச்சையாக மாறியிருக்கக் கண்டார். அந்த நேரத்தில் நிலவை நோக்கியிருந்தது தென் அமெரிக்கக் காடுகள் என்பதால் அந்தப் பச்சை வந்தது என்று விளக்கினார். அவருடைய விளக்கம் சரியோ இல்லையோ, நிலவைக் கண்ணாடியாக வைத்துப் பூமியின் நிறத்தைப் படிக்கலாம் என்று துணிந்த அந்த மனம் எனக்குப் பிடிக்கிறது.

அதை உண்மையிலேயே அளவீடாக்கியவர் பிரான்சின் ஆந்த்ரே லூயி தாஞ்சோன். 1920-களில் ஸ்ட்ராஸ்பூர்க் வானாய்வகத்தில் இருந்த அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் இது: பிறையின் பிரகாசமான பக்கத்தைவிட இருண்ட பக்கம் ஆயிரக்கணக்கான மடங்கு மங்கல். போதாக்குறைக்கு நடுவில் நம் காற்றும் தூசியும் ஈரமும் ஒவ்வோர் இரவும் வெவ்வேறு அளவு ஒளியை விழுங்குகின்றன. தாஞ்சோன் ஒரு கருவி செய்தார். பூனைக்கண் ஒளிமானி என்று அதற்குப் பெயர். ஒரே பார்வையில் நிலவின் இரண்டு பிம்பங்களை அருகருகே காட்டும். ஒரு பிம்பத்துக்குள் வரும் ஒளியைப் பூனையின் கண்மணி சுருங்குவதுபோல் சுருக்கிக்கொண்டே போய், பிரகாசமான கீற்று மற்றதன் இருண்ட பக்கத்துக்குச் சமமாக மங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். எவ்வளவு சுருக்கினோம் என்பதே விடை.

இந்த முறையின் அழகு எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஒளியும் ஒரே காற்றின் வழியாகத்தான் கண்ணுக்கு வருகின்றன. காற்று எவ்வளவு விழுங்கினாலும் இரண்டிலும் ஒரே விகிதத்தில்தான் விழுங்கும். ஒன்றை மற்றதால் வகுத்துவிட்டால் காற்றின் குறுக்கீடு கழிந்துபோகும். கீற்றில் படுவது நேர் வெயில். இருண்ட பக்கத்தில் படுவது பூமி திருப்பி அனுப்பிய வெயில். வகுத்து வரும் எண்ணிலிருந்து பூமியின் ஆல்பிடோவைக் கணக்கிடலாம். ராக்கெட் இல்லாத காலத்தில், தரையில் நின்றுகொண்டே, தான் நிற்கும் கோளை வெளியிலிருந்து பார்க்க ஒருவர் கண்டுபிடித்த வழி இது. அவருக்குக் கிடைத்த விடை 0.4-ஐ ஒட்டி இருந்தது. இன்று பார்த்தால் அது மிகை. மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே அவர் அளந்தார். நிலவின் தரை வெவ்வேறு கோணங்களில் எப்படி ஒளியைச் சிதறடிக்கிறது என்பதும் அன்று சரியாகத் தெரியாது. ஆனால் மாதத்துக்கு மாதம் பூமியின் பிரகாசம் ஏறி இறங்குவதை அவர் பிடித்துவிட்டார். அந்தப் பணி பிரான்சில் அவருக்குப் பிறகும் சில காலம் நடந்து, செயற்கைக்கோள் யுகம் வந்ததும் மறக்கப்பட்டது.

செயற்கைக்கோள் கதை ஒரு சோள வயலில் தொடங்குகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த வெர்னர் சுவோமி, 1950-களின் தொடக்கத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு சோள வயலின் வெப்ப வரவு செலவை எடுத்துக்கொண்டார். எவ்வளவு வெயில் வயலுக்குள் வருகிறது, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு வெப்பமாக வெளியேறுகிறது, என்ன மிச்சம்? ஒரு வயலுக்குப் போடும் இந்தக் கணக்கைப் பூமி முழுவதற்கும் ஏன் போடக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. மின்பொறியியல் பேராசிரியர் ராபர்ட் பேரண்ட்டோடு சேர்ந்து கருவி செய்தார். கண்ணாடித் தகட்டின் மேல் பொருத்திய சிறு அரைக்கோளங்கள். சிலவற்றுக்குக் கறுப்பு வண்ணம், சிலவற்றுக்கு வெள்ளை வண்ணம். கறுப்பு, வெயிலையும் பூமியின் வெப்பக் கதிரையும் சேர்த்து உறிஞ்சும். வெள்ளை, வெயிலைத் தள்ளிவிட்டு வெப்பக் கதிரை மட்டும் ஏற்கும். இரண்டின் வெப்பநிலையையும் ஒப்பிட்டால் எது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். நம் ஊரில் கோடைக்கு வெள்ளைத் துணி தேடுகிற அதே அறிவுதான்.

1959 ஜூலை 16 அன்று அந்தக் கருவியைச் சுமந்த ராக்கெட் கிளம்பிய சில விநாடிகளிலேயே சாய்ந்தது. தரையில் இருந்தவர்களே அதை வெடிக்கச் செய்து அழிக்க வேண்டியதாயிற்று. சுவோமி தளரவில்லை. அக்டோபர் 13 அன்று எக்ஸ்ப்ளோரர் 7 மேலே போனது. பூமியின் கதிர்வீச்சுக் கணக்கை விண்வெளியிலிருந்து முதன்முதலில் எழுதிய கருவி அதுவே.

தொடர்ந்து பல செயற்கைக்கோள்களில் கருவிகள் போயின. 1960-களின் அளவுகளைத் திரட்டி, சுவோமியும் அவருடைய மாணவர் தாமஸ் வாண்டர் ஹாரும் வெளியிட்ட முடிவு வானிலை அறிஞர்களைத் திகைக்க வைத்தது. பூமியின் ஆல்பிடோ 35 சதவீதமோ அதற்கு மேலோ என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. வந்தது சுமார் 30 சதவீதம். நாம் நினைத்ததைவிடப் பூமி இருண்டது. குறிப்பாக வெப்ப மண்டலம் நினைத்ததைவிட அதிக வெயிலை விழுங்குகிறது. அப்படியானால் அந்த உபரி வெப்பத்தைத் துருவங்களை நோக்கிச் சுமக்கும் வேலையில் கடலுக்கும் காற்றுக்கும் இருக்கும் பங்கும் பெரிது. இன்னொரு புதிரும் கிடைத்தது. வட பாதியில் நிலம் அதிகம், தென் பாதியில் கடல் அதிகம், கடல் இருண்டது. ஆயினும் இரு பாதிகளும் ஏறத்தாழ ஒரே அளவு வெயிலைத்தான் திருப்பி அனுப்பின. தெற்கே கூடுதலாக இருக்கும் மேகங்கள் கடலின் கருமையை ஈடுகட்டிவிடுகின்றன. ஏன் இவ்வளவு கச்சிதமாக என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை.

1969-ல் வேறொரு முனையிலிருந்தும் எச்சரிக்கை வந்தது. லெனின்கிராடில் மிஹாயில் புதிக்கோவும் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸும் தனித்தனியே ஒரே கணக்கைப் போட்டார்கள். குளிர்ந்தால் பனி பரவும். பனி பரவினால் வெயில் திரும்பிப் போகும். திரும்பிப் போனால் இன்னும் குளிரும். சூரிய ஒளி சில சதவீதம் குறைந்தாலே பூமி முழுதும் பனிக்கட்டியாகலாம் என்று அந்த எளிய கணக்கு சொன்னது. பிந்தைய மாதிரிகள் அந்த எல்லை அவ்வளவு அருகில் இல்லை என்று காட்டின. ஆனால் இந்தச் சுழல் எதிர்த் திசையிலும் சுற்றும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது: சூடானால் பனி உருகும், இருண்ட கடல் பரப்பு வெளிப்படும், அது வெயிலை விழுங்கும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி மேகத்தைப் பற்றியது. மேகம் பகலில் குடை, இரவில் போர்வை. மொத்தத்தில் அது பூமியைக் குளிர்விக்கிறதா, சூடாக்குகிறதா? 1980-கள் வரை இதற்கு அளந்து சொன்ன உறுதியான விடை இல்லை. அந்த விடையைத் தந்த குழுவின் தலைவர் நம்மவர். சென்னையில் 1944-ல் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியிலிருந்து குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் வேலை. பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா. கசிந்து போன அதே குளோரோஃபுளோரோகார்பன் வாயு, ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு என்று பார்த்தால் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் என்று 1975-ல் உலகுக்குச் சொன்னவரும் அவரே.

மேகக் கேள்விக்கு விடை தேட நாசா ஏவிய செயற்கைக்கோள் 1984 அக்டோபரில் சேலஞ்சர் விண்ணோடத்தில் போனது. அதை வெளியே இறக்கும்போது ஒரு சூரியத் தகடு விரியாமல் மாட்டிக்கொண்டது. இயந்திரக் கையை இயக்கிய சாலி ரைட் அதை உலுக்கி, வெயில் படும்படி திருப்பிப் பிடித்த பிறகே தகடு விரிந்தது. இரண்டாண்டு உழைத்தால் போதும் என்று செய்யப்பட்ட அந்தக் கோள் 2005 வரை உழைத்தது.

ராமநாதன் குழு செய்தது இதுதான்: மேகமில்லாத இடங்களின் அளவுகளைத் தனியே பிரித்து, மேகம் உள்ள இடங்களோடு ஒப்பிட்டார்கள். வேறுபாடு மேகத்தின் செயல். 1989-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. 1985 ஏப்ரல் மாதக் கணக்குப்படி, மேகங்கள் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் சதுர மீட்டருக்கு 44.5 வாட் இழப்பு. போர்வையாக இருந்து வெப்பத்தைப் பிடிப்பதால் 31.3 வாட் வரவு. மிச்சம் 13.2 வாட் குளிர்ச்சி. குடைதான் வென்றது. கரியமில வாயு இரட்டிப்பாவதன் விளைவைவிட இது மூன்று, நான்கு மடங்கு பெரிது. மேகத்தில் சிறு மாறுதல் வந்தாலும் அது நம் புகையின் விளைவைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது என்று அன்றுமுதல் யாரும் மறுக்க முடியவில்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினட்டூபோ எரிமலை வெடித்தபோது அது உமிழ்ந்த கந்தகத் துகள் பூமியைச் சற்றுப் பிரகாசமாக்கியதையும் அதே செயற்கைக்கோள் பதிவுசெய்தது. மறு ஆண்டு உலகம் அரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது.

1990-களின் இறுதியில் தாஞ்சோனின் பழைய முறைக்கு மறுபிறப்பு கிடைத்தது. கலிஃபோர்னியா மலை மேல், பிக் பேர் ஏரியின் கரையிலிருந்து நீருக்குள் நீளும் சூரிய ஆய்வகத்தில், ஃபிலிப் கூடும் பின்னர் அவரோடு சேர்ந்த என்ரிக் பாயேவும் நிலவின் இருட்டுப் பக்கத்தை மறுபடி அளந்தார்கள்; இம்முறை கண்ணுக்குப் பதில் மின்னணு ஒளியுணரி. 1999 டிசம்பரில் நாசாவின் டெர்ரா செயற்கைக்கோள் போயிற்று. அதில் திரும்பிப் போகும் வெயிலை அளந்த கருவிக்கு ‘செரஸ்’ என்று பெயர். இரு தரப்பும் 2000-களின் நடுவில் மோதிக்கொண்டன. பூமி பிரகாசமாகிவிட்டது என்றது நிலவு பார்த்த குழு. இல்லை, மங்கியிருக்கிறது என்றது செயற்கைக்கோள் குழு. கருவிகளைத் திருத்தி, தரவுகளை மறுபடி அலசி, மேலும் பல ஆண்டுகள் அளந்த பிறகுதான் இருவரும் ஒரே திசைக்கு வந்தார்கள். அறிவியலில் இதை ஓர் இழுக்காக நான் பார்க்கவில்லை. இரண்டு வெவ்வேறு வழிகள் இருந்ததால்தான் பிழை வெளிச்சத்துக்கு வந்தது.

அவர்கள் வந்து சேர்ந்த திசை நல்ல திசை அல்ல. 1998 முதல் 2017 வரை பிக் பேரில் திரட்டிய சுமார் 1,500 இரவுகளின் அளவுகளை 2021-ல் வெளியிட்டார்கள். அந்த இருபது ஆண்டில் பூமி திருப்பி அனுப்பும் ஒளி சதுர மீட்டருக்கு அரை வாட் அளவுக்குக் குறைந்திருந்தது. சரிவின் பெரும்பகுதி கடைசி மூன்று ஆண்டுகளில். செரஸ் காட்டிய சரிவு அதைவிடக் கூடுதல். அமெரிக்கக் கண்டங்களின் மேற்குக் கரையை ஒட்டிய பசிபிக் கடல் சூடானதால், அங்கே வழக்கமாகத் தாழ்வாகப் பரந்து கிடக்கும் வெண்மேகங்கள் குறைந்துவிட்டன. கடல் சூடானால் மேகம் கூடி நம்மைக் காப்பாற்றும் என்று சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். நடந்தது நேர் எதிர்.

வடதுருவத்தில் நடந்ததையும் ராமநாதனே தம் குழுவினரோடு 2014-ல் கணக்கிட்டார். 1979-க்கும் 2011-க்கும் இடையே ஆர்க்டிக் பகுதியின் ஆல்பிடோ 0.52-லிருந்து 0.48 ஆக இறங்கியிருந்தது. பூமி முழுவதற்கும் பகிர்ந்தால் அது சதுர மீட்டருக்கு 0.21 வாட். அதே காலத்தில் கூடிய கரியமில வாயுவின் விளைவில் கால் பங்கு! 2021-ல் நாசாவின் நார்மன் லோப் குழு, கடலில் மிதக்கும் ஆர்கோ வெப்பமானிகளின் அளவுகளையும் செரஸின் அளவுகளையும் ஒப்பிட்டு, பூமி உள்ளே சேர்த்துக்கொள்ளும் உபரி வெப்பம் 2005 முதல் 2019 வரை ஏறக்குறைய இரட்டிப்பானதைக் காட்டியது. 2023-ல் உலக வெப்பநிலை எதிர்பார்த்ததையும் மீறி எகிறியபோது, அந்த ஆண்டின் ஆல்பிடோ பதிவானவற்றிலேயே மிகத் தாழ்ந்த ஒன்று என்றும், எகிறலில் சுமார் 0.2 டிகிரிக்கு அதுவே காரணமாகலாம் என்றும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் ஆய்வு நிறுவனத்தார் 2024 டிசம்பரில் எழுதினார்கள்.

மேகம் ஏன் குறைகிறது? கப்பல் எரிபொருளில் கந்தகத்தை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கும் உலகளாவிய விதி 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கந்தகத் துகள் நுரையீரலுக்குக் கேடு. ஆனால் கடல் மேகங்களை வெளுப்பாக வைத்திருந்ததும் அதுவே. பெரும்பங்கு இதனால் என்கிறார் காலநிலை அறிஞர் ஜேம்ஸ் ஹான்சன். இல்லை, சூடாகும் கடலுக்கு மேகம் காட்டும் எதிர்வினைதான் முதன்மை என்கிறார்கள் வேறு பலர். இரண்டாவது தரப்பு சரியென்றால் நிலைமை இன்னும் கடுமை. ஏனெனில் துகள் குறைவது ஓர் எல்லையில் நின்றுவிடும்; கடலின் எதிர்வினை, சூடு ஏற ஏறத் தொடரும். இதைத் தீர்த்துவைக்க அளவீட்டைத் தவிர வேறு வழி இல்லை.

கவலை இங்கேதான் தொடங்குகிறது. செரஸ் கருவியின் அடிப்படைத் துல்லியம் சுமார் 1 சதவீதம். அதாவது ஒரு கருவி சொல்லும் 100 வாட் உண்மையில் 99 ஆகவோ 101 ஆகவோ இருக்கலாம். நாம் தேடும் மாறுதலோ ஒரு வாட்டுக்குள். பழைய கருவி உயிரோடு இருக்கும்போதே புதிய கருவி மேலே போய், இரண்டும் ஒரே பூமியை ஒரே நேரத்தில் பார்த்துத் தங்கள் அளவுகோலைச் சரிபார்த்துக்கொண்டால்தான் அந்தச் சிறு மாறுதலைத் தொடர்ந்து பின்பற்ற முடியும். நடுவில் இழை அறுந்தால், அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒட்டவைக்க யாராலும் முடியாது. பிக் பேர் தொடரும் 2017-ல் நின்றுபோனது. அதுபோன்ற நிலவு அளவீடுகளைப் பல கண்டங்களிலிருந்து எடுக்க ஆகும் செலவு ஒரு செயற்கைக்கோளின் செலவோடு ஒப்பிட்டால் சொற்பம். அதைக்கூடச் செய்யாமல் இருப்பது தவறு என்றே நான் கருதுகிறேன்.

டெர்ரா கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. எரிபொருள் குறைந்து தன் பாதையிலிருந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. 2002-ல் செரஸ் கருவியோடு போன அக்வா செயற்கைக்கோளின் நிலையும் அதே. கடைசி செரஸ் கருவி 2017 நவம்பரில் மேலே போனது. செரஸ் என்பது ரோமானியர்களின் தானிய தேவதை. அவள் மகளின் பெயர் லிபெரா. அந்தப் பெயரைச் சூட்டிய அடுத்த கருவியை நாசா 2020-ல் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பின் ஏவ வேறு எதுவும் அந்த வரிசையில் தயாராக இல்லை.

(தொடரும்)